கொடூரக் காட்சியும் கொடுத்த வாக்கும்: மேசைப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் அச்சமும் இளிவரலும் – தொண்டை மண்டலக் கதைமரபுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் தொடராட்டங்களில் அச்சமூட்டும் காட்சிகளும் குருதி தோய்ந்த காட்சிகளும் பெரிதும் இடம்பெறுகின்றன. அவற்றுள் பல, ஆடுவோரிடம் அருவருப்பை எழுப்புவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு கொடூரக் காட்சி எப்போது கதையின் உறுப்பாகிறது, எப்போது வெற்று அதிர்ச்சியாகத் தேய்கிறது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. திரௌபதி அம்மன் விழாவின் கூத்தும் படுகளமும், பழையனூர் நீலி கதையும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விரண்டிலும் கொடூரத்திற்கு முன்பே ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாக்கே கொடூரத்திற்குப் பொருள் தருகிறது என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு ஆட்டம், அச்சம், இளிவரல், தெருக்கூத்து, படுகளம், பழையனூர் நீலி, சபதம்.

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே அமைந்தது பென்னலூர். ஒரு பக்கம் 1998ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் மகிழுந்து ஆலை. மறுபக்கம் ஒரகடம் வரை நீளும் உதிரிபாகத் தொழிற்சாலைகள். ஊருக்குள்ளேயே பொறியியல் கல்லூரி. நிலம் இவ்வாறு மாறிய இப்பகுதி, கதைமரபால் தொண்டை மண்டலத்தின் நெஞ்சுப் பகுதியாகும். தென்மேற்கே காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரக் கூத்து மரபும், வடமேற்கே திருவாலங்காட்டுச் சுடலையும் பழையனூர் நீலியும் இதற்கு அண்டை. கல்லூரி விடுதிகளிலும் பணியாளர் தங்கும் அறைகளிலும் வார இறுதியில் கூடி ஆடுதற்கு ஏற்ற பாத்திரமேற்பு ஆட்டம் ஒன்றை இம்மண்ணிலிருந்து ஆக்க விரும்புவோர், அச்சத்தை எங்கிருந்து எடுப்பர்? அயல்நாட்டு ஆட்ட நூல்களின் காட்டேரியையும் கோட்டையையும் அப்படியே பெயர்த்துக் கொணர்வது எளிது. அவ்வாறு செய்யுமுன் அண்டையில் இருப்பதை ஒருமுறை பார்த்துவிடல் நன்று.

ஆட்டத்தின் இயல்பு முதலில் விளக்கப்பட வேண்டும். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் நடத்துநராக இருந்து உலகையும் பகைவரையும் நிகழ்வுகளையும் எடுத்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதைத் தம் வாயால் சொல்வர். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவு செய்யும். ஒரே கதை பல வாரங்கள், சில வேளை பல ஆண்டுகள் தொடரும். அத்தொடரை இக்கட்டுரை ‘தொடராட்டம்’ என்று குறிக்கிறது. இங்கே நமக்கு முதன்மையானது ஒன்று: இவ்வாட்டத்தில் பார்வையாளருக்கு இருக்கை கிடையாது. திரைப்படத்தில் குருதியைக் காண்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். ஆட்டத்தில் குருதி சிந்துவது ‘என்’ கை. அல்லது என் சொல்லால் நேர்ந்த செயல். ஆகவே கொடூரம் இங்கே காட்சியாக மட்டும் இருப்பதில்லை.

அச்சம் புறத்தே, இளிவரல் அகத்தே

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகையில் அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனியே வைக்கிறது. அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசர். இளிவரலுக்கும் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். அச்சத்திற்குரியன யாவும் புறத்திலிருந்து வருவன. இளிவரலுக்குரியன யாவும் உடலோடும் நிலையோடும் ஒட்டிக் கிடப்பன. புலியிடமிருந்து ஓடலாம், பிணியிடமிருந்து எங்கே ஓடுவது?

ஆட்டம் நடத்துவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர். இருளில் ஓர் ஓசை கேட்பது அச்சம். சிதைந்த உடலை விரிவாக வருணிப்பது இளிவரல். முன்னது கதையை முன்னே தள்ளும். ஆடுவோர் விளக்கைத் தேடுவர், கதவை அடைப்பர், ஒருவரையொருவர் அழைப்பர். பின்னது கதையை நிறுத்திவிடும். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் முகம் சுளித்து இருப்பர். முகச்சுளிப்பை அச்சத்தின் அளவுகோலாகக் கொள்ளும் நடத்துநர் அடுத்த அமர்வில் குருதியை இன்னும் மிகுப்பார். மூன்றாம் அமர்வில் மேசையைச் சுற்றி நகைப்பொலிதான் கேட்கும். இது ஆடுவோரின் குறையன்று. இளிவரல் மிக விரைவில் மரத்துப்போகும் உணர்வு.

சாண்டி பீட்டர்சன் ஆக்கி 1981இல் வெளிவந்த ‘கால் ஆஃப் கதூலு’ இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. பாத்திரத்தின் உடல்வலிமையைப் போல அதன் மனநலத்திற்கும் ஓர் எண்ணை அது வழங்கியது. காணத்தகாததைக் கண்டால் அவ்வெண் குறையும். புறத்தே நிற்கும் அச்சம் அகத்தே இறங்கி நிலைபெறுவதை ஆட்டவிதியாக்கிய வகையில் அது பெரிய முயற்சியே. எனினும் எண்ணாக்கப்பட்டதும் அச்சம் கணக்காகிவிடுகிறது. ‘எனக்கு ஐந்து குறைந்தது’ என்பவர் அஞ்சவில்லை, குறித்துக்கொள்கிறார். 2005இல் வந்த ‘டிரெட்’ என்னும் ஆட்டம் பகடையைக் கைவிட்டு, அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக உருவச் சொல்கிறது. கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் கதையை விட்டு நீங்கும். குருதி என்ற சொல்லே எழாமல் கை நடுங்குகிறது. இக்கட்டுரையாளரின் மதிப்பீட்டில் அச்சத்தை விதியாக்கிய ஆட்டங்களுள் இதுவே நுட்பமானது.

எண்ணெய், சீப்பு, பூ

தொண்டை மண்டலத் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் பல நாள் தொடர்கின்றன. அந்த அளவில் அதுவும் ஒரு தொடராட்டமே. பதினெட்டாம் போர்க் கூத்து விடியும்வரை நடந்து, காலையில் படுகளத்தில் முடிகிறது. திறந்த வெளியில் துரியோதனனின் உருவம் மண்ணால் மல்லாந்த நிலையில் பேருருவாகச் செய்யப்பட்டிருக்கும். வீமன், துரியோதனன் வேடமேற்றோர் அதனைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் பொருவர். இறுதியில் வீமன் மண்ணுருவின் தொடையில் அடிக்க, அங்கே வைக்கப்பட்ட செந்நிற நீர் வெளிப்படும். அது பாஞ்சாலியின் கூந்தலில் தடவப்பட்டு, அதுவரை விரிந்து கிடந்த கூந்தல் முடிக்கப்படும்.

குருதியைக் கூந்தலில் பூசுவதை விடக் கொடிய காட்சி அரிது. ஆயினும் அங்கே கூடியிருக்கும் முதியோரும் குழந்தைகளும் அதனை அருவருப்பதில்லை. அக்காட்சி பல நாள்களுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்பதே அதற்குக் காரணம். சூதுக்களத்தில் பாஞ்சாலி உரைத்த சபதம் வாய்மொழி மரபில் மூன்று பொருள்களால் ஆனது: பகைவன் குருதியே எண்ணெய், அவன் விலா எலும்பே சீப்பு, குடலே பூச்சரம். 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியாரின் ‘பாஞ்சாலி சபதம்’ குருதியை மட்டும் எடுத்துக்கொண்டு துச்சாதனன், துரியோதனன் இருவரின் குருதியையும் ஒன்றாகக் கலக்கிறது. மரபின் மூன்று பொருள்களையும் எண்ணிப் பார்த்தால் எண்ணெய், சீப்பு, பூ ஆகியவை எந்த வீட்டு மாடத்திலும் இருக்கும் தலைவாரும் பொருள்கள் என்பது தெரியவரும். ஒரு பெண் நாள்தோறும் காலையில் செய்யும் செயல், ஒவ்வோர் உறுப்பாகத் தலைகீழாக்கப்படுகிறது. சபதம் நிறைவேறும்வரை அவள் தலைவாரிக்கொள்ளவில்லை என்பதை ஒவ்வோர் இரவும் விரிந்த கூந்தலே நினைவூட்டுகிறது.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலும் இவ்வுத்தியே காணப்படுகிறது. போர்க்களத்தில் பேய்கள் செய்வது சமையல். பானை, அடுப்பு, துடுப்பு, பரிமாறுதல், பந்தி எல்லாம் உண்டு. அவை ஆக்கப்பட்ட பொருள்தான் பிணம். அன்றாட வீட்டுவேலையின் ஒழுங்கு குலையாமல் இருப்பதால்தான் அங்கே கொடூரத்தோடு நகையும் கலந்து வருகிறது.

ஆட்டம் ஆக்குவோர்க்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் குருதியின் அளவைப் பற்றியதன்று. பாஞ்சாலியின் சபதத்தை முதல் அமர்விலேயே ஒரு பாத்திரம் சொல்லிவிட்டது என்று கொள்வோம். அதன்பின் வரும் ஒவ்வோர் அமர்விலும் ஒரு சீப்பு, ஓர் எண்ணெய்க் கிண்ணம், ஒரு பூக்காரி ஆகியவற்றுள் ஒன்று தற்செயலாகக் கதையில் வந்துபோனால் போதும். எதிர்பாராமல் தாக்குவதே அச்சத்தின் இலக்கணம் என ஆட்டம் நடத்துவோரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கூத்து அதற்கு நேர்மாறு. முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஒன்று நெருங்கி வருவதைக் காத்திருப்பதில் உள்ள கனம், திடீர்த் தாக்குதலில் இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. நாட்டிய சாத்திரம் போரையும் இறப்பையும் அங்கத்தில் நேரே காட்டாமல் இடைக்காட்சி வழி அறிவிக்கச் சொல்கிறது. கூத்து அவ்விதிக்கு உட்படவில்லை, காட்டுகிறது. ஆனால் மனித உடலின் மேல் காட்டவில்லை, மண்ணின் மேல் காட்டுகிறது. துரியோதனன் வேடமிட்டவர் எழுந்து செல்வார்; உடைபடுவது மண்தொடை. ஆடுவோர்க்கும் ஆடப்படும் உடலுக்கும் இடையே வைக்கப்பட்ட இந்த மண் மிக முதன்மையானது.

மூடிய கதவு

காட்டாமல் விடும் மரபும் இதே மண்டலத்தில் உண்டு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதை பல வடிவங்களில் வழங்குகிறது. சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமே அந்நிகழ்வைச் சுட்டுவதால் அதன் பழமை விளங்கும். கதையின் பொதுப்போக்கு வருமாறு. முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிப் பழிவாங்கக் காத்திருக்கிறாள். அவன் மறுபிறப்பில் வணிகனாகி அவ்வழியே வருகிறான். தற்காப்புக்கு ஒரு கத்தி வைத்திருக்கிறான். அவள் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனுடைய மனைவியாகத் தொடர்கிறாள். வழக்கு பழையனூர் வேளாளர் அவைக்கு வருகிறது. குழந்தை அவனைத் தந்தையென்று ஒட்டிக்கொள்கிறது. இருவரும் ஓர் இரவு ஒரே வீட்டில் தங்கட்டும் என்று அவையோர் முடிவு செய்கின்றனர். கத்தி அவனிடம் இருந்தால் தன்னைக் கொன்றுவிடுவான் என்கிறாள். அதனையும் வாங்கி வைத்துவிடுகின்றனர். அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் எழுபதின்மரும் உயிர் தருவோம் என்று வாக்களிக்கின்றனர். காலையில் கதவைத் திறந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீப்புகுகின்றனர்.

இக்கதையில் கொலை நிகழும் அறைக்குள் நாம் ஒருபோதும் நுழைவதில்லை. அச்சம் அங்கே இல்லை. அது அவையில் இருக்கிறது. நன்மக்கள் நியாயமாக எண்ணி எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. குழந்தையோடு நிற்கும் பெண்ணின் பக்கம் சாய்வதை யார் தவறென்பர்? கத்தியை வாங்கியது இரக்கம். அந்த இரக்கமே கொன்றது.

பாத்திரமேற்பு ஆட்டத்திற்கு இதனினும் பொருந்திய அமைப்பு வேறில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆடுவோரைப் பேய்வேட்டைக்காரராக்காமல் அவையோராக்க வேண்டும். ஒருவர் வணிகனுக்காகவும் மற்றொருவர் பெண்ணுக்காகவும் வழக்குரைக்கட்டும். நடத்துநர் எதையும் மறைக்க வேண்டியதில்லை; குழந்தையின் தோலில் கள்ளியின் வரி இருப்பதைக்கூடச் சொல்லிவிடலாம். கத்தி யார் கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்ய வேண்டும். காலையில் கதவு திறந்தபின் உள்ளே கண்டதை வருணிக்க ஒரு தொடர் போதும். எஞ்சிய நேரம் முழுவதும் அவர்கள் கொடுத்த வாக்கைப் பற்றியதாகிவிடும்: காப்பதா, மீறுவதா? படுகளத்திலும் பழையனூரிலும் கொடூரம் ஒரு சொல்லின் கடனாக வருகிறது. அரவான் களப்பலியும் அவ்வாறே. அவன் இசைவு தந்தபின்தான் பலி நிகழ்கிறது. சொல்லின்றி வரும் குருதிக்கு இம்மரபுகளில் இடம் குறைவு.

கோடும் திரையும்

கதைக்குள் வாக்கு இருப்பதுபோல ஆடுவோரிடையேயும் ஒரு வாக்கு தேவைப்படுகிறது. ஆட்ட உலகம் இதற்கெனச் சில வழக்கங்களை வகுத்துள்ளது. ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த ‘கோடுகளும் திரைகளும்’ என்னும் முறையில், கதையில் அறவே வரக்கூடாதவை கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்படும். நிகழலாம் ஆனால் வருணிக்கப்படலாகாதவை திரைக்குப் பின் செல்லும். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ் அட்டை’ மேசை நடுவில் கிடக்கும். பொறுக்க இயலாத காட்சி வருகையில் எவரும் காரணம் கூறாமல் அதனைத் தொடலாம், காட்சி மாற்றப்படும். இவை அச்சத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்பாரும் உளர். அக்கருத்தை ஏற்க இயலவில்லை. மண்தொடை இருப்பதால்தான் வீமன் முழுவலிமையோடு அடிக்க முடிகிறது.

கூத்திலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. துகிலுரியும் காட்சிக்குமுன் துச்சாதனன் வேடமேற்றவர் கற்பூரம் ஏற்றி வணங்கி, வேடத்திலிருந்து சற்றே விலகி அம்மனிடம் பொறுத்தருள வேண்டும் வழக்கம் சில குழுக்களிடம் உண்டு. ஆவேசம் மிகும் வேடங்களை உடன் நிற்போர் பிடித்துக்கொள்வர். கட்டியக்காரனின் பகடியும் இவ்வகையிலேயே சேரும். கனத்த காட்சியின் விளிம்பில் அவன் ஊர்ப்பேச்சில் ஏதோ சொல்லிவிடுவான், கூட்டம் மூச்சுவிடும். ஆட்ட மேசையில் யாரேனும் நடுவில் நகைச்சுவை சொல்வதை நடத்துநர்கள் ‘மனநிலையைக் கெடுக்கிறார்’ என்று கடிவதுண்டு. அவர் தம்மையறியாமல் கட்டியக்காரன் வேலையைச் செய்கிறார். அதற்கு இடம் விடுவதே அறிவுடைமை.

திரை என்ற சொல் இரு மரபுகளிலும் எதிரெதிர்ப் பொருளில் வழங்குவதும் சுவையானது. ஆட்டத்தில் திரை மறைப்பதற்கு. கூத்தில் இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னிருந்து குரலும் சலங்கையும் கிரீடத்தின் முனையும் முதலில் வரும். வேடம் முழுதாக வெளிப்படுவது பின்னர். மறைத்தலே காட்டுதலின் தொடக்கமாகிறது.

பென்னலூரில் ஆடுவதாயின்

தொழிற்பேட்டைப் பகுதியில் இவ்வாட்டத்தை நடத்துவோர்க்கு இக்கேள்விகள் ஏட்டளவில் நில்லா. அழுத்து இயந்திரத்தில் விரல் நசுங்குவது வாகன உதிரிபாகத் தொழிலில் நன்கறியப்பட்ட விபத்து. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரில் ஒருவர் அதனைக் கண்டவராக இருக்கலாம். அவர் அண்ணனுக்கோ அறைத் தோழருக்கோ நேர்ந்திருக்கலாம். கைவிரல் துண்டாகும் காட்சியை வெளியூர் நடத்துநர் சுவைக்காகச் சேர்த்தால், அது தொல்காப்பியர் கூறும் வருத்தம், பிணி ஆகியவற்றை நேரே தொடும். அங்கே இடையில் மண் இல்லை. அதுபோன்றே 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் மற்றும் பலரும் குண்டுவெடிப்பில் உயிரிழந்த நிகழ்வு. நினைவிடம் அருகிலேயே இருக்கிறது. அன்றைய இரவை நினைவில் வைத்திருப்போர் இன்னும் அவ்வூர்களில் வாழ்கின்றனர். ‘உண்மைச் சம்பவம்’ என்ற கவர்ச்சிக்காக அதனை ஆட்டக்கருவாக்குவது கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டியது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இதனால் தொழிற்சாலையே அச்சக்கதைக்கு ஆகாத களம் என்று கொள்ள வேண்டியதில்லை. எண்ணெய், சீப்பு, பூ என்னும் வழியில் சிந்தித்தால் பொருள்கள் ஏராளம்: பணிமுறைப் பேருந்து, வருகைப் பதிவு அட்டை, விடுதி அறையின் மூன்றாவது கட்டில், உணவுக்கூடத் தட்டு. இரவுப் பணிமுறை முடிந்து திரும்பும் பேருந்தில் ஒருவர் கூடுதலாக இருக்கிறார்; அவருக்கும் அட்டை இருக்கிறது; எல்லோரும் அவரை அறிந்ததாகவே நினைக்கின்றனர். அவருக்காக யார் பொறுப்பேற்றுக் கையொப்பமிடுவது? பழையனூர் அவை இங்கே மீண்டும் கூடிவிடுகிறது. குருதி ஒரு துளியும் தேவைப்படவில்லை.

நேரக் குறுக்கம் ஒரு மெய்யான இடர். விடியும்வரை கண்விழித்துக் கூத்துப் பார்ப்பது பணிமுறை வாழ்க்கையோடு பொருந்துவதில்லை. நகர மேடைகளில் கூத்து இரண்டு மணி நேரமாகச் சுருங்கி, துகிலுரிதல், வதம் முதலிய உச்சக்காட்சிகளே எஞ்சுகின்றன. இரவெல்லாம் விரிந்து கிடந்த கூந்தலைக் காணாதவருக்குக் குருதி வெறும் செந்நீரே. மூன்று மணி நேர ஒற்றை அமர்வில் அச்ச ஆட்டம் நடத்துவோரும் இதே இக்கட்டில் இருக்கின்றனர். உச்சத்தைச் சுருக்கி முன்னேற்பாட்டுக்கு நேரம் தருவதே செய்யக்கூடியது. மூன்று மணியில் இரண்டரை மணி அவைக்கும் வாக்குக்கும் செல்லட்டும்.

கொடூரத்திற்குப் பின் வருவதை ஆட்ட நூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. படுகளத்தில் கூந்தல் முடிந்தபின் விழா கலைவதில்லை. இறந்தோர்க்காக ஒப்பாரி எழுகிறது, துரியோதனனுக்காகவும் அழுகின்றனர். மக்கள் மண்ணுருவின் மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். தானியக் குதிரில் இட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. மாலையில் தீமிதி, பின்னர்த் தருமர் பட்டாபிடேகம். தொடராட்டத்திலும் கொடிய அமர்வுக்கு அடுத்த அமர்வைப் புதிய பகைவனோடு தொடங்காமல், எஞ்சியோர் என்ன எடுத்துச் செல்கின்றனர், எங்கே வைக்கின்றனர், இறந்தவர் வீட்டுக்கு யார் செய்தி சொல்லப் போகின்றார் என்பவற்றிலிருந்து தொடங்கலாம். செய்தி சொல்லப் போவது யார் என்பதைப் பகடையிடம் விடலாகாது. ஆடுவோரில் ஒருவர் தாமே முன்வரும்வரை நடத்துநர் பேசாமல் காத்திருக்க வேண்டும்.